இரட்டையரின் சாவுக்கட்டி

அம்புரோஸின் அண்ணன் தியோடூலை அடக்கம் செய்த மறுவாரம் செவெரின் வந்து வாசலில் நின்றார். தொப்பி கையில் இருந்தது. எக்மாட் என்ற அந்த மலையூரில் யாரும் காரணமில்லாமல் தொப்பியைக் கழற்றுவதில்லை.

அம்புரோஸ் அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"யாரும் சாகல. உள்ள வரலாமா?"

"கதவு வேணாம்னு சொல்லுச்சா?"

செவெரின் வந்து உட்கார்ந்தார். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஊர் நிலவறையின் சாவி செவெரினிடம் இருந்தது. அதற்கு முன் அவருடைய அப்பாவிடம். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. பசுக்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டால் அப்படித்தான். காலையில் வரும். சில நாள் போகவே போகாது.

"தப்பு நடந்துபோச்சுடா," என்றார் செவெரின்.

"என்ன தப்பு?"

"அன்னிக்கு நாம தின்னது தியோடூலோடது இல்ல."

கத்தி நின்றது.

"பின்ன?"

"உன்னோடது."

எக்மாட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அந்தக் கோடையில் மலைக்கொட்டிலில் அதன் பெயருக்கு ஒரு சீஸ் போடுவார்கள். திரிகைக்கல் அளவு இருக்கும். பக்கவாட்டில் வீட்டு அடையாளத்தைக் கீறி நிலவறைப் பலகையில் வைப்பார்கள். குழந்தை வளரும். பள்ளிக்குப் போகும், மாடு மேய்க்கும், கல்யாணம் செய்யும், கிழமாகும். கட்டி அங்கேயே கிடக்கும். ஆள் போனபிறகு அதை வெட்டுவார்கள். சவப்பெட்டியின் பின்னால் நடந்தவர்கள் ஊர்க்கூடத்து நீள மேசையில் உட்கார்ந்து கம்பு ரொட்டியோடும் திராட்சை ரசத்தோடும் அதைத் தின்பார்கள். சாவுக்கட்டி என்பார்கள்.

தின்றவர் அந்த ஆள்மேல் எதையும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. பங்கு, வரப்பு, வாய்க்கால் தண்ணீர், வாய் தவறிய சொல், எல்லாம் அந்த மேசையில் முடியும். முடிக்க விரும்பாதவர் வரமாட்டார். யார் வரவில்லை என்பதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அம்புரோஸ் வரமாட்டார் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அண்ணனும் தம்பியும் இரட்டையர். ஒரே வீட்டில் அண்ணன் மேல்தளம், தம்பி கீழ்த்தளம். இருபது வருடத்துக்கு மேலாகப் பேச்சில்லை. ஆனால் அம்புரோஸ் வந்தார். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொடுத்த துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். எதிரே இருந்த பெண்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று வீடு திரும்பும்போது உடம்பு இலேசாக இருந்தது. எதையோ இறக்கி வைத்துவிட்டோம் என்று நினைத்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"நேத்து பலகை தொடைக்கப் போனேன். உங்க ரெண்டு பேருதும் பக்கத்துல பக்கத்துல இருந்துதில்ல? ஆட்டுக் குளம்பு அடையாளம். அண்ணனுக்கு ஒரு வெட்டு, தம்பிக்கு ரெண்டு வெட்டு. அன்னிக்குக் கையால தடவினேன். ஒரு வெட்டு. எடுத்துட்டு வந்துட்டேன். நேத்து பலகையில மிச்சமிருக்கறதத் தடவறேன். அதுலயும் ஒரு வெட்டு."

"ரெண்டாவது வெட்டு எங்க போச்சு?"

"பூச்சி தின்னுடுச்சு. உங்க வாசல்ல ஆணியடிச்ச தோல இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன். எச்சில் தொட்டுத் தேச்சா ரெண்டாவது வெட்டோட தடம் தெரியுது."

சாவுக்கட்டியின் அடையாளம் உள்ள தோலை மட்டும் யாரும் தின்பதில்லை. அதை இறந்தவர் வீட்டு வாசலில் ஆணியடிப்பார்கள். அம்புரோஸ் அந்த வாரம் முழுவதும் அதன் கீழே குனிந்து போய்வந்துகொண்டிருந்தார். தன் தோலுக்குக் கீழே.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லடா," என்றார் செவெரின்.

"எனக்கு நாக்கும் இல்ல போல," என்றார் அம்புரோஸ். "என்னையே தின்னிருக்கேன். தெரியல."

ஒரு கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே உரித்தது.

*

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் முழுவதும் கோவில் வாசலில் நிற்கும். ஊர்த் தலைவர் கல்மேடையில் ஏறி அறிவிப்புகளைச் சொல்வார். யாருடைய ஆடு காணோம், எந்த நாள் வாய்க்கால் தூர் வாருவது. அன்று செவெரின் ஏறினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு இறங்கினார்.

மூடுபனியில் கோவில் கோபுரம் பாதிதான் இருந்தது.

"அம்புரோஸ் அண்ணே," என்றான் கமில். மலைக்கொட்டிலில் பால் காய்ச்சிச் சீஸ் போடுபவன். வாய் சும்மா இருக்காது. "நான் ரெண்டு துண்டு தின்னேன். தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் உப்புத் தூக்கல்."

"உங்கப்பன் போட்டதுடா."

"அதான் பார்த்தேன்."

சிரிப்பு வந்தது. சிரித்தபின் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே நாள் பாலு. எத வெட்டுனா என்ன?"

"அப்ப ரெண்டு வெட்டு எதுக்குப் போட்டாங்க?"

"மிச்சத்துல இன்னொரு வெட்டப் போட்டு வெச்சுடுங்க. முடிஞ்சுது."

"அம்புரோஸ் செத்தா அப்ப தியோடூலத் திம்போமா?"

"தின்னா என்ன, பல்லு ஒடையுமா?"

"அம்புரோஸ நாம ஏற்கெனவே மன்னிச்சாச்சு. இனிமே அவரு என்ன செஞ்சாலும் கேக்க முடியாது. என் வேலிய வேணா இன்னிக்கே நகர்த்தட்டும்."

பங்குச் சாமியார் கோவில் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே ஆற்றங்கரை ஊர்க்காரர்.

"மன்னிப்பு சீஸ்ல இல்ல," என்றார்.

"சரி சாமி," என்றார்கள் எல்லோரும். அவருக்கு எக்மாட்டில் கட்டி கிடையாது. அவர் பிறந்த ஊரில் சாவுக்கு வெறும் சூப்புதான்.

ஊர்த் தலைவர் கிரெசென்சியாவைப் பார்த்தார். தியோடூலின் மனைவி. கறுப்பு முக்காடு இன்னும் புதிதாக இருந்தது.

"அது உன் வீட்டுக்காரர் கட்டி. நீதான் சொல்லணும்."

"என்னோடது இல்ல," என்றார் கிரெசென்சியா. "வெட்டுனா அம்புரோஸ் கட்டியில்லாமப் போவணும். வெட்டலன்னா என் வீட்டுக்காரரு தின்னப்படாமப் போனவரு. ரெண்டும் அவங்களுக்குள்ளதான். எப்பவும் அப்படித்தான்."

எல்லோரும் அம்புரோஸைப் பார்த்தார்கள். வெட்டிய கட்டி நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு துண்டு எடுத்துவிட்டு மீதியை மூடி வைக்க முடியாது. காற்று உள்ளே போய்விடும்.

"பனி வெலகட்டும்," என்றார் அம்புரோஸ். வீட்டுக்கு நடந்தார்.

எக்மாட்டில் கட்டியில்லாமல் அடக்கம் ஆனவர்கள் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறார்கள். ஈயம் பூச வந்து மலைக்கணவாயில் விறைத்துப்போன ஒருவன். ஆற்றில் வந்த ஒரு பெண். அவர்களுக்காக யாரும் மேசையில் உட்காரவில்லை. சிலுவைகளில் பெயர் இல்லை. அங்கே பனி கடைசியாகத்தான் உருகும். அம்புரோஸ் அந்த வழியாகப் போகவேண்டியதில்லை. அன்று போனார்.

*

குளிர் வந்தது. பனி விழுந்தது. வீடுகளுக்கு நடுவில் வழி வெட்டினார்கள். பிறகு வழியின்மேலும் பனி விழுந்தது.

அம்புரோஸ் பகலில் நிலவறைக்குப் போகத் தொடங்கினார். செவெரின் சாவியைக் கொடுத்தார்.

நிலவறை ஊர்க்கூடத்துக்கு அடியில் இருந்தது. மேலே கூடம் இருமுறை எரிந்திருக்கிறது. கீழே கல் வளைவு எரியவில்லை. உள்ளே குளிரும் இல்லை, சூடும் இல்லை. எந்தப் பருவம் என்று சொல்ல முடியாது. கதவருகே இந்த வருடத்துக் குழந்தைகள். உள்ளே போகப்போக வயதாகும். விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊருக்குள் நடப்பதுபோல இருக்கும். ஆனால் ஆட்கள் எல்லோரும் தூங்குகிறார்கள்.

கதவருகே இப்போது இடம் நிறைய இருந்தது. அணை கட்டும் வேலைக்குப் போன இளைஞர்கள் பள்ளத்தாக்கிலேயே பெண் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் நெருக்கமான பலகைகள். அதற்கும் பின்னால் ஒரு பலகை முழுதும் காலி. பனிச்சரிவு வந்த குளிர்காலம். மேல்தெருப் பள்ளிக்கூடம் போனது. அந்தக் கட்டிகள் எல்லாம் ஒரே நாளில் வெட்டப்பட்டன. பிள்ளைகளின் கட்டி மென்மையாக இருக்கும். அதைத் தின்பதுதான் கடினம்.

இடது சுவரில் அர்ஜென்டினாப் பலகை. கப்பல் ஏறிப் போனவர்களுடையது. அங்கேயே செத்திருப்பார்கள். யாரும் வந்து சொல்லாதவரை வெட்ட முடியாது. செவெரின் அவற்றையும் துடைக்கிறார், திருப்பி வைக்கிறார். சில நூறு வயதுக்கு மேல். கறுத்து, சுருங்கி, கல்லாகிவிட்டவை. எக்மாட்டில் யாராவது வெகுகாலம் வாழ்ந்தால், அர்ஜென்டினா போனவன் மாதிரி என்பார்கள்.

கடைசியில் தன் வருடம். ஒரு வெட்டுப் போட்ட ஆட்டுக் குளம்பு. அதன் அருகே வட்டமாக ஒரு வெளிறிய தடம். தான் அறுபது வருடத்துக்கு மேல் கிடந்த இடம்.

அம்புரோஸ் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். விளக்கைக் கீழே வைத்தார்.

இங்கே இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறோம் என்று நினைத்தார். மேலே பேசாமல் இருந்த வருடங்களிலும்.

கண்ணை மூடினால் அந்த மூடுபனி வந்தது.

அப்பா விட்டுப்போனதில் ஒரு பசு இருந்தது. ஃபல்கா. பிள்ளைகள் இரண்டு, பசு ஒன்று. முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு என்று அண்ணன் சொல்வார். எனக்குக் கொம்பு, உனக்குப் பாலா என்று தம்பி சண்டைக்குப் போவார். கறுப்பு. குட்டைக் கொம்பு. கோடை தொடங்கி மந்தை மலை ஏறும் நாளில் பசுக்கள் தங்களுக்குள் முட்டிப் பார்க்கும். எதுவும் ஃபல்காவின் முன் நிற்கவில்லை. நான்கு கோடை அதுதான் மந்தையின் ராணி. அது முன்னால் நடந்தால் மற்றவை பின்னால் நடந்தன.

அன்று மேய்ப்பது தியோடூலின் முறை. மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. மணியோசை எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது. அம்புரோஸ் கொட்டிலில் இருந்தார். பனி விலகியபோது மந்தை இருந்தது, ஃபல்கா இல்லை. ஓடைப்பிளவின் அடியில் கறுப்பாகக் கிடந்தது.

அண்ணன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் புல்லின் தடம் இருந்ததுபோல அம்புரோஸுக்குத் தோன்றியது. அல்லது பனித்துளி.

"தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

தியோடூல் பதில் சொல்லவில்லை.

அவ்வளவுதான். அந்தப் பதில் இல்லாததை வைத்துக்கொண்டு இருவரும் மலையிறங்கினார்கள். வீட்டுக்கு வந்தார்கள். அது தீரவே இல்லை.

அந்த வீட்டில் கல்லடுப்பு கீழே இருந்தது. அடுப்புக்கு நேர்மேலே கூரைப்பலகையில் ஒரு சதுரக் கதவு. அதைத் திறந்தால் சூடு மேல்தளத்துக்கு ஏறும். அந்த இலையுதிர்காலத்தில் தியோடூல் அதை மூடி அதன்மேல் மரப்பெட்டி ஒன்றை வைத்தார். இழுக்கும் சத்தம் கீழே கேட்டது. பிறகு கிரெசென்சியாதான் படியில் இறங்கி வந்து போனார்.

"உங்கண்ணன் கேக்கறாரு, கோடாரி எங்கன்னு."

"இருக்கற எடத்துலதான்னு சொல்லுங்க அண்ணி."

மேலே போவார். திரும்ப வருவார்.

"அது எந்த எடம்னு கேக்கறாரு."

அப்படி இருபது வருடம் போனது.

*

ஜனவரி மாதக் கடைசியில் ஒரு நாள் அம்புரோஸ் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். மேலே ஏதோ இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. கூரையில் சதுரமாக ஒரு வெளிச்சம் திறந்தது. பழைய தூசி அடுப்பின்மேல் மெல்ல இறங்கியது. கிரெசென்சியாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"அங்க சூடா இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"இத்தன வருஷமும் இருந்துதா?"

"இருந்துது."

"நாங்க மேல கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்."

அம்புரோஸ் இன்னொரு விறகை வைத்தார்.

"பெட்டிய இன்னிக்கு ஏன் நகர்த்துனீங்க?"

"குளிருது. அப்புறம் நீ பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே போற. ஊருல பெட் கட்டறாங்க. கமில் பொண்டாட்டி முழுகாம இருக்கா. அவ பெத்துக்கற வரைக்கும் நீ முடிவு பண்ண மாட்டேன்னு அவன் பெட் கட்டியிருக்கான்."

"எத வெச்சு?"

"அவன் சேவல."

"தோக்கட்டும்."

கிரெசென்சியா தரையில் படுத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று அம்புரோஸுக்குப் புரிந்தது. கன்னம் பலகையில் பதிந்திருந்தது.

"படி எறங்கி வாங்களேன்னு சொல்ல மாட்டியா? இல்ல, நானே ஏறி வர்றேன்னாவது?"

"வாங்க அண்ணி."

"வேணாம். இப்படியே இருக்கட்டும். சூடு மூஞ்சில அடிக்குது. நல்லா இருக்கு."

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. சத்தமில்லாததுதான் கேட்டது.

"அண்ணி. அன்னிக்கு அவன் தூங்கினானா?"

"எங்கிட்ட கேக்க இத்தன வருஷம் ஆச்சா?"

"அவன் சொல்லியிருப்பானேன்னு..."

"நான் கேட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்தாளு எங்கிட்ட மறைச்சது அது ஒண்ணுதான். மொதல்ல கேட்டவனுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னாரு."

"சொல்லலயே. நான் கேட்டேன். அவன் சொல்லல."

"ஒரு தடவ கேட்ட. பசு கீழ கெடக்குது. அப்ப யாருக்கு வாய் வரும்? நீ இன்னொரு தடவ கேப்பேன்னு இருந்தாரு. படியில உன் சத்தம் கேட்டா இருந்த எடத்துலயே நிப்பாரு. கையில கரண்டியோட. நீ உள்ள போயிடுவ. அப்புறம் சாப்பிடுவாரு."

அடுப்பில் விறகு வெடித்தது.

"சாவறதுக்கு மொத நாள்கூட?" என்றார் அம்புரோஸ்.

"மொத நாள் எந்திரிக்க முடியல. காதுமட்டும் இருந்துது."

முகம் சதுரத்திலிருந்து விலகியது. கதவு திறந்தே இருந்தது. அம்புரோஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடு மேலே போவது கண்ணுக்குத் தெரிந்ததுபோல இருந்தது.

பிறகு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

*

பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் மெழுகுவர்த்திப் பெருநாள் அன்று காலை பூசை முடிந்து வாசலில் நின்றவர்களிடம் அம்புரோஸ் சொன்னார்.

"வெட்டப்போறேன். வர்றவங்க வரலாம்."

"இன்னிக்கேவா?" என்றான் கமில். "இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"உன் சேவல அண்ணிகிட்ட குடுத்துடு."

செவெரினும் அம்புரோஸும் கட்டியை நிலவறையிலிருந்து தூக்கி வந்தார்கள். நீள மேசையில் வைத்தார்கள். ஆட்டுக் குளம்பு, ஒரு வெட்டு. செவெரின் தடவிப் பார்த்தார். ஊர்த் தலைவர் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து டீச்சரைக் கூப்பிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

"ஒண்ணுதான்," என்றார் டீச்சர்.

"இன்னொரு தடவ பாரும்மா. இன்னொருத்தனத் திங்க எங்களுக்குப் பல்லு இல்ல."

கத்தி இறங்கவில்லை. ஆப்பு வைத்து அடித்துப் பிளந்தார்கள். உள்ளே தேன் நிறம். நடுவில் நரம்புபோல வெள்ளைக் கோடுகள். வாசம் எழுந்து கூடத்தில் பரவியது. காய்ந்த புல், புகை, ஈரத் தோல், எப்போதோ பெய்த மழை. அந்தப் புல் விளைந்த மலைச்சரிவை இப்போது அணைத்தண்ணீர் பாதி மூடிவிட்டது. அங்கே மேய்ந்த பசுக்களின் பெயர் சிலருக்கு நினைவு வந்தது.

செவெரின் இழைப்புளியை எடுத்தார். தச்சர் மரத்தை இழைப்பதுபோல இழைத்தார். சுருள் சுருளாக விழுந்தது. முதல் சுருளை அம்புரோஸ் முன்னால் வைத்தார்.

கூடம் நிறைந்திருந்தது. முதல் விருந்துக்கு வராத இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். பங்குச் சாமியார் கடைசியாக வந்து கதவருகே நின்றார்.

"சாமி, மன்னிப்பு இதுல இல்லன்னீங்க," என்றார் ஒரு பெண்.

"ரொட்டி இருக்குல்ல. காலைலேர்ந்து சாப்பிடல."

நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அம்புரோஸ் சுருளை எடுத்தார். உடனே வாயில் போடவில்லை. இலேசாக இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஊடே வெளிச்சம் தெரிந்தது. மூடுபனிக்குள் சூரியன்போல.

நாக்கில் வைத்தார். முதலில் சுவையே இல்லை. மரம்போல இருந்தது. பிறகு உப்பு வந்தது. அதன் பின்னால் வேறொன்று மெல்ல வந்தது. அவருக்குத் தெரிந்ததுதான். அம்மாவின் கையில் ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி.

விழுங்கவில்லை. காலியாக இருந்த எதிர்நாற்காலியைப் பார்த்தார்.

"தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

குரல் உரக்க இல்லை. பக்கத்தில் இருந்த கிரெசென்சியாவுக்கும் செவெரினுக்கும் மட்டும் கேட்டது. செவெரின் இழைப்பதை நிறுத்தினார். மற்றவர்கள் ஏன் நிறுத்தினார் என்று பார்த்தார்கள்.

அம்புரோஸ் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியது. எங்கோ கூரையிலிருந்து ஒரு பாளம் சரிந்து விழுந்தது. தூரத்தில் ஒரு தொழுவத்தில் மணி ஒன்று அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. கரண்டியோடு நிற்பவனுக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். இருந்தார்.

பிறகு தலையை ஆட்டினார்.

"சரி," என்றார். "அன்னிக்குப் பனி ரொம்ப."

விழுங்கினார்.

கிரெசென்சியா தன் சுருளை வாயில் போட்டுக்கொண்டார். செவெரின் மறுபடி இழைக்கத் தொடங்கினார். மேசை நெடுக ரொட்டி உடையும் சத்தம் கேட்டது.

"இதுல உப்பு சரியா இருக்கு," என்றான் கமில் கடைக்கோடியிலிருந்து. "ஒரே அண்டாவுல ரெண்டு விதமா எப்படிப் போட்டாரு எங்கப்பா?"

"அண்ணன் மொதல்ல பொறந்தான். தம்பிக்கு வரும்போது உங்கப்பன் கை அசந்திருக்கும்."

அன்று மாலையில் அம்புரோஸ் வாசலில் இருந்த தோலைக் கழற்றினார். ஒரு வெட்டுள்ளதை அங்கே அடித்தார். தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்கே வைப்பது என்று எக்மாட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அடுப்பில் போட்டார். மேலே கதவு திறந்திருந்தது. வாசம் மேலே போனது.

*

வசந்தம் வந்தது. கமிலுக்குப் பெண் பிறந்தது. வெரேனா என்று பெயர் வைத்தார்கள். பசுக்கள் மலை ஏறின.

அம்புரோஸ் எதையும் எதிர்பார்க்கவில்லை. கட்டியில்லாதவன் என்று பழகிக்கொண்டிருந்தார். ஒருநாள் வாய்க்கால் வேலை முடிந்து திரும்பும்போது வடக்குச் சுவரோரம் நின்று, இடம் மோசமில்லை, இங்கிருந்து கணவாய் தெரிகிறது என்று நினைத்தார். ஈயம் பூசுபவனின் சிலுவை சாய்ந்திருந்தது. கல் வைத்து நிமிர்த்தினார்.

கோடை முடிந்து மந்தை இறங்கிய அன்று கமில் நிலவறை வாசலில் கழுதையை நிறுத்தினான். முதுகில் இரண்டு புதிய சீஸ்.

"ஒண்ணு என் பொண்ணுக்கு," என்றான்.

"இன்னொண்ணு?"

"இந்த வருஷம் ஊருல ரெட்டப் பிரசவம் மாதிரி."

"யாருக்கு?"

"அண்ணே, உங்களுக்குத் தலைலதான் முடி இல்லன்னு நெனச்சேன், உள்ளயும் ஒண்ணும் இல்லியா? உங்களுக்குத்தான். ஒருநாள் காலைல பாலு எல்லாப் பசுவும் சேந்து கொஞ்சம் அதிகமா குடுத்துடுச்சு. ஃபல்காவோட பேத்திகூட. என்ன பண்றது, கொட்டவா முடியும்?"

செவெரின் உள்ளே இருந்து வந்தார். கையில் கீறுகத்தி. பின்னால் கிரெசென்சியாவும், நாலைந்து பெண்களும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கமிலின் மனைவியும்.

"ஞானஸ்நானம் எப்ப?" என்றாள் ஒருத்தி.

"பல்லு மொளைக்கட்டும்," என்றாள் இன்னொருத்தி. "இருக்கறது விழுந்தப்புறம்."

செவெரின் கட்டியைச் சாய்த்து வைத்து ஆட்டுக் குளம்பைக் கீறினார். அதன் அருகே இரண்டு வெட்டுப் போட்டார். ஆழமாக. கத்தி எளிதாக இறங்கியது.

"இனிமே பூச்சி தின்னாலும் தெரியும்," என்றார்.

"பழுக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார் கிரெசென்சியா.

"திங்கறதுக்குன்னா ரெண்டு வருஷம். சாவுக்குன்னா..." கமில் அம்புரோஸைப் பார்த்தான். "இவ்வளவு எளசா யாரையும் நாங்க வெட்டறதில்ல."

அம்புரோஸ் கட்டியின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது. மெல்ல மேலெழும்பியது.

கதவருகே காலியாக இருந்த பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் கூடத்துக்குப் போனார்கள். மேலே நாற்காலிகள் நகர்ந்தன. செவெரின் சாவியை அம்புரோஸின் கையில் கொடுத்துவிட்டு ஏறினார்.

புதுக் கட்டிகளை நிலவறைக்கு வந்த முதல் வாரத்தில் தினமும் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சரியும். குழந்தை மேலே எங்கோ அழுதது, பிறகு நிறுத்தியது. அம்புரோஸ் விளக்கைக் கீழே வைத்தார். கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். குழந்தையுடையதை முதலில் திருப்பினார்.